மனச்சிதைவு நோயும் கார்ட்டிசாலும்: குடும்பத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்து வேலை செய்து, காதில் கேட்ட குரல்கள் அடங்கிய பிறகும், மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர் வீட்டுக்கு வந்த உறவினரிடம் இரண்டு வார்த்தை பேசாமல் அறைக்குள்ளேயே இருந்துவிடுவதுண்டு. "நன்றாகத்தானே இருக்கிறான், வேண்டுமென்றே செய்கிறான்" என்று அப்போது முடிவுகட்டிவிடுவதுதான் மிகவும் அஞ்ச வேண்டிய தவறு; மற்றவற்றில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன. ஆர்வம் குன்றுவதும், பேச்சு சுருங்குவதும், முகத்தில் உணர்ச்சி தெரியாமற்போவதும் நோயின் அறிகுறிகளே. இன்றைய மருந்துகள் குரல்களையும் சந்தேகங்களையும் கட்டுப்படுத்தும் அளவுக்கு இவற்றைச் சரிசெய்வதில்லை.

அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு உளைச்சல் இல்லை என்று எண்ணுவதும் தவறு. நெருக்கடி நேரும்போது மூளையிலுள்ள ஹைபோதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்ட, கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. காலையில் கண்விழித்த 30 முதல் 45 நிமிடங்களில் இது உச்சத்தைத் தொடுவதும், நள்ளிரவை ஒட்டி மிகவும் குறைந்துவிடுவதும் இயல்பு. மனச்சிதைவு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், சராசரியாக இதன் வழக்கமான அளவு சற்றுக் கூடுதலாகவும், விழித்தவுடன் ஏற்பட வேண்டிய ஏற்றம், குறிப்பாக நோயின் தொடக்கக் கட்டத்தில், மந்தமாகவும் காணப்படுகின்றன. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளியான ஒரு சோதனையில், முகத்தில் சலனமே காட்டாத நடுவர்கள் முன்னிலையில் பேசவும் மனக்கணக்குப் போடவும் வேண்டும்; இத்தகைய சோதனைகளில் மனச்சிதைவு உள்ளவர்களுடைய கார்ட்டிசால் மற்றவர்களுக்கு உயரும் அளவுக்கு உயர்வதில்லை. அதே வேளையில், அன்றாடச் சிறு தொல்லைகள்கூட இவர்களுடைய மனநிலையைப் பிறரைவிடக் கூடுதலாகக் குலைப்பதை வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே ஒருவர் படும் பாட்டை அவருடைய முகத்தையோ ஹார்மோனையோ பார்த்து அளந்துவிட முடியாது.

இதைப் படித்தவுடன் கார்ட்டிசால் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. ரத்தம் எடுத்த நேரம், முந்தைய இரவின் தூக்கம், புகைபிடித்தல், கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு மருந்து எனப் பலவும் அந்த எண்ணை மாற்றும். அதை வைத்து மனச்சிதைவை உறுதிசெய்யவோ, ஒருவர் நாலு பேரோடு எப்படிப் பழகுவார் என்று கணிக்கவோ இயலாது. கார்ட்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய் போன்ற வேறொன்றை மருத்துவர் சந்தேகித்தால் அது தனி விஷயம். கார்ட்டிசாலைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு அமுக்கராப் பொடியை மருத்துவரிடம் சொல்லாமல் சேர்ப்பதும், அதைவிட மோசமாக, எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்புவதும் ஆபத்தானவை.

வீட்டுப் பேச்சின் தாக்கம் நீண்ட காலமாக ஆராயப்பட்டுவருகிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களை 1950-களிலிருந்து லண்டனில் ஆராய்ந்த சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு, உடன்பிறந்தாரிடமோ வாடகை அறைக்கோ சென்றவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்பியதைக் கண்டார். ஓயாமல் குறைகூறுதல், வெறுப்பைக் காட்டுதல், எந்நேரமும் மூச்சுமுட்டக் கவனித்தல் ஆகியவை மிகுந்த வீடுகளில் நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின. குடும்பத்தார்தான் நோயை உண்டாக்கினார்கள் என்று இதைப் புரிந்துகொள்வது பெரும் அநீதி. ஆண்டுக்கணக்கில் துணையின்றிச் சுமப்பவர்களின் களைப்பும் அந்தக் குறைகூறலில் இருக்கிறது. 1980-களில் சண்டிகரில் நடந்த ஆய்வில், அங்குள்ள குடும்பங்கள் லண்டன் குடும்பங்களைவிட மிகக் குறைவாகவே குறைகூறின என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

"கூட்டத்தில் விட்டால் பழகிவிடுவான்" என்று முந்நூறு பேர் கூடும் கல்யாண மண்டபத்துக்கு இழுத்துச்செல்வதும், "அவனால் ஒன்றும் முடியாது" என்று பால் வாங்கும் வேலையைக்கூடப் பிடுங்கிக்கொள்வதும் ஒரே அளவுக்குத் தீங்கானவை. தெருமுனைக் கடைக்குத் தினமும் ஒரே நேரத்தில் சென்று வருவது, ஒரு நண்பரோடு கால் மணி நேரம் பேசுவது என்று தொடங்கி, அவர் தாங்கும் அளவறிந்து கூட்டலாம். திருமணம் செய்துவைத்தால் குணமாகிவிடும் என்ற நம்பிக்கையை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும். 1984-இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய, மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இந்நோயோடு மணவாழ்வு முறிந்து பெற்றோர் வீடு திரும்பிய பெண்களின் துயரத்தை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

தூக்கம் கெடுவது, சாப்பாட்டைச் சந்தேகிப்பது, தனக்குள் முணுமுணுப்பது ஆகியவை மீண்டும் தென்பட்டால், வீட்டில் அண்மையில் நடந்த சண்டையின் விளைவுதான், தானே சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவரை எட்ட முடியாத வேளையில், டெலி-மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் அழைக்கலாம். நோயாளிக்காக மட்டுமன்றி, அவரைப் பார்த்துக்கொள்பவர் தமக்காகவும் அழைக்கலாம்.