காருக்குப் பக்கத்தில் நின்று டிராக்கரைச் சோதிக்காதீர்கள்

போன வாரம் ஒரு இளைஞரின் காரில் டிராக்கர், அதாவது கார் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் கருவி, பொருத்திக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் கார் கதவில் சாய்ந்துகொண்டு போனில் செயலியைத் திறந்தார். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. "கரெக்டா காட்டுதுண்ணே!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடங்களுக்கு முன்னால் நானும் இப்படித்தான் என் காரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன்.

வண்டி எலெக்ட்ரிகல் வேலை என் தொழில். டிராக்கர் பொருத்துவதும் அதில் ஒரு பகுதி. அப்படிப்பட்டவனுடைய காரே திருடு போனது. டிராக்கர் இருந்ததால்தான் திரும்பக் கிடைத்தது. ஆனால் கிடைக்காமலே போயிருக்க வேண்டியது. அதற்கு முழுக் காரணம் நான். "ஊருக்குத்தான் உபதேசம்" என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

கருவியைக் கண்ணில் படுகிற மாதிரி வைக்காதீர்கள், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் பெட்டிக்குள் வரும் தாளிலேயே இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் ஒருவர் விடாமல் செய்கிற, நானும் செய்து பார்த்துவிட்ட தவறுகளைத்தான் சொல்கிறேன்.

புள்ளியை நம்புவது

அன்று காலை கார் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றேன். தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பதறிப்போய் செயலியைத் திறந்தால், புள்ளி நான் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது. கார் இங்கேதான் நிற்கிறது என்று அது சத்தியம் பண்ணுகிறது. கருவியைப் பிடுங்கி இங்கேயே எறிந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பத்து நிமிடம் செடிகளுக்குள் குனிந்து தேடினேன். அப்புறம்தான் புள்ளியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி எழுத்தில் ஒரு வரி: கடைசித் தகவல் 23 நாட்களுக்கு முன்பு.

சிம்மின் காலக்கெடு முடிந்திருந்தது. 23 நாட்களாகக் கருவியிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அந்த 23 நாளில் நான் எத்தனையோ தடவை செயலியைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கார் வாசலில் நின்றது, புள்ளியும் வாசலில் நின்றது. சந்தேகப்பட என்ன இருக்கிறது? கார் நம்மோடு இருக்கும்வரை, உயிரோடு இருக்கும் டிராக்கரும் செத்துப்போன டிராக்கரும் ஒரே புள்ளியைத்தான் காட்டும். வித்தியாசம் தெரிகிற நாள் கார் போன நாள்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அடுத்தவர் வண்டியில் பொருத்தும்போது சிம் காலக்கெடுவைக் காலண்டரில் குறித்துக்கொள்ளச் சொல்கிறவன் நான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். டிராக்கரில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. செயற்கைக்கோள்களிடமிருந்து சிக்னல் வாங்கித் தன் இடத்தைக் கணக்குப் போடுவது ஒன்று. அதை மொபைல் டவர் வழியாக சர்வருக்கு அனுப்புவது இன்னொன்று. செயற்கைக்கோளுக்கு நாம் இருப்பதே தெரியாது. அது ஒலிபரப்புகிறது, கருவி கேட்கிறது, அவ்வளவுதான். ஆக, ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்தாலும் சிம் செத்திருந்தால் உங்களுக்கு எதுவும் வராது. செயலியோ வெற்று வரைபடத்தைக் காட்டாமல் தன்னிடம் கடைசியாக இருக்கிற இடத்தைக் காட்டும். அந்தப் புள்ளிக்கும் இந்த நிமிடத்துப் புள்ளிக்கும் பல செயலிகளில் நிறம்கூட மாறாது.

சரி, ரீசார்ஜ் செய்தால் போயிற்று என்று நினைத்தேன். எந்த எண்ணுக்கு? டிராக்கரில் இருக்கும் சிம்மின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. எங்கேயோ எழுதிவைத்த ஞாபகம் மட்டும் இருந்தது. எங்கே என்று ஞாபகம் வரவில்லை. பில்லைத் தேடினேன், பெட்டியைத் தேடினேன், பழைய டைரிகளைப் புரட்டினேன். ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் என் போனிலேயே கிடைத்தது. பொருத்திய அன்று கருவிக்குக் குறுஞ்செய்தியில் கட்டளைகள் அனுப்பியிருந்தேன். அந்தப் பழைய செய்திகளின் தலையில் எண் இருந்தது.

ரீசார்ஜ் செய்து முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று புள்ளி நகர ஆரம்பித்தது. துள்ளிக் குதித்தேன். ஆனால் கார் என் பட்டறைக்குப் போகிறது! அங்கிருந்து வீட்டுக்கு வருகிறது. மறுபடி பட்டறை. நெட்வொர்க் இல்லாத நேரத்தில் பல கருவிகள் தகவலைத் தங்கள் நினைவகத்தில் சேர்த்துவைத்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்பும். என்னுடையது பழையதிலிருந்து வரிசையாக அனுப்பும் ரகம். திருடன் காரை எங்கேயோ ஓட்டிக்கொண்டிருக்க, நான் உட்கார்ந்து மூன்று வாரத்து என் சொந்தப் பயணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் வீட்டுக்குப் போனது, வழி தவறிச் சுற்றியது, எல்லாம் ஒழுங்காக வந்தது. மதியத்துக்கு மேல்தான் நேற்றைய இரவு வந்தது: அதிகாலை 2:50க்கு வாசலிலிருந்து புறப்பட்டிருக்கிறது.

அந்த 2:50ஐயும் முதலில் தப்பாகத்தான் காவல் நிலையத்தில் சொன்னேன். இருப்பிடம் பதிவான நேரம் ஒன்று, சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று, இரண்டையும் குழப்பிக்கொண்டேன். போதாததற்குக் கருவி, நம் ஊர் நேரத்துக்குப் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என் கணக்குப்படி கார் புறப்பட்ட நேரத்தில் நான் அதை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

புள்ளி புதிதாக இருந்தாலும் அது எந்த வகைப் புள்ளி என்று பாருங்கள். செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காதபோது சில கருவிகள் பக்கத்து மொபைல் டவரை வைத்து இடத்தைத் தோராயமாகச் சொல்லும். ஜிபிஎஸ் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். டவர் கணக்கு சில நூறு மீட்டரிலிருந்து கிலோமீட்டர் கணக்கில்கூடத் தள்ளிப்போகும். வரைபடம் மட்டும் இரண்டையும் ஒரே மாதிரி ஒரு வீட்டு வாசலில் அழகாகக் குத்திவைக்கும். அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் சோதனை என்றால் இப்படிச் செய்யுங்கள். மாதம் ஒருமுறை வீட்டில் வேறு யாரையாவது காரை எடுத்துக்கொண்டு சொல்லாமல் எங்காவது போகச் சொல்லுங்கள். போன இடத்தை நீங்கள் செயலியைப் பார்த்துச் சொல்லுங்கள். புள்ளியைப் பார்ப்பதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். சிம் எண்ணையும், கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும் எழுதிக் காருக்கு வெளியே வையுங்கள்.

ஓபிடி சாக்கெட்டில் செருகுவது

மெக்கானிக் கோளாறு பார்க்கும் அந்தச் சாக்கெட்டில் இருக்கும் டிராக்கரைப் பிடுங்க இரண்டு விநாடி போதும்.

உள்பேட்டரி பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

விவரம் தெரிந்த திருடன் முதலில் காரின் பேட்டரி ஒயரைக் கழற்றுவான். அப்போது டிராக்கர் தன்னுள் இருக்கும் சின்ன லித்தியம் பேட்டரியில் ஓட வேண்டும். வெயிலில் நின்று வெந்துபோகும் காருக்குள் அந்தப் பேட்டரி சில வருடங்களிலேயே நீர்த்துப்போகும். அட்டையில் பல மணி நேரம் என்று போட்டிருக்கும். கழற்றிப் பார்த்தால் நாலு நிமிடத்தில் படுத்துவிடும். வருடம் ஒருமுறை கருவியின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டதாக உங்கள் போனுக்கு உடனே எச்சரிக்கை வருகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சிக்னலை முடக்கும் ஜாமர் வைத்திருப்பவன் வந்தாலும் முதல் துப்பு கருவியின் திடீர் மௌனம்தான்.

இரும்புக்கு அடியில் ஒளித்துவைப்பது

ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. தரைக்கு வந்து சேரும்போது உயிரே இருக்காது. அதன் குறுக்கே ஒரு இரும்புத் தகட்டை வைத்தால் முடிந்தது கதை. பிளாஸ்டிக், துணி, சீட் நுரை எல்லாம் பரவாயில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்று சேஸிஸ் இடுக்கில் திணித்துவிட்டு, இடமே காட்டவில்லை என்று திரும்பக் கொண்டுவருகிறார்கள். ஆன்டெனா பக்கம் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். கருவியில் எது மேல் பக்கம் என்று பெரும்பாலும் குறித்திருப்பார்கள்.

கன்டெய்னருக்குள்ளோ நிலத்தடி நிறுத்தத்திலோ போய்விட்டால் எவ்வளவு நல்ல ஜிபிஎஸ்ஸும் திணறும். அமெரிக்காவில் 1986லேயே மாசசூசெட்ஸில் அறிமுகமான லோஜாக் என்ற திருட்டு வண்டி தேடும் அமைப்பு ஜிபிஎஸ்ஸை நம்பவில்லை. காரில் ஒளித்துவைத்த கருவி ரேடியோ அலை அனுப்பும், போலீஸ் வண்டியில் இருக்கும் கருவி அதைப் பிடித்துத் திசை காட்டும். பழைய யோசனைதான், ஆனால் சுவருக்குப் பின்னால் இருக்கும் காரைத் தேட இன்றைக்கும் எனக்குப் பிடித்த யோசனை அதுதான்.

இன்ஜினை நிறுத்தும் பொத்தானை அழுத்துவது

செயலியில் அந்தச் சிவப்புப் பொத்தானைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது. ஓடுகிற வண்டியில் இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனத்துப்போகும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். உள்ளே இருப்பவன் திருடன்தான். எதிரே வருகிறவர் யாரோ ஒரு அப்பாவி. அது போக, நடுவழியில் வண்டி நின்றதுமே டிராக்கர் இருப்பது அவனுக்குத் தெரிந்துவிடும். இரண்டு காரணத்துக்காகவும், மின் இணைப்பைத் துண்டிக்கும் ரிலேயை நான் எரிபொருள் பம்ப்பில் போடுவதில்லை, ஸ்டார்ட்டர் இணைப்பில்தான் போடுகிறேன். அவன் தானாக நிறுத்தும்வரை வண்டி ஓடும். நிறுத்திய பிறகு கிளம்பாது. சாதாரணக் கோளாறு என்று நினைத்துக்கொள்வான்.

அந்தப் பொத்தான் உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறதா என்றும் யோசியுங்கள். 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சீசா, எம்வி720 என்ற டிராக்கரைப் பற்றி எச்சரித்தது. வெளியாள் ஒருவர் தொலைவிலிருந்தே வண்டியின் இடத்தைப் பார்க்கவும் எரிபொருளை நிறுத்தவும் முடிகிற அளவுக்கு அதில் ஓட்டைகள் இருந்தன. 123456 என்ற கடவுச்சொல்லோடு வரும் கருவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏர்டேக் போதும் என்பது

போதாது. ஆப்பிளின் அந்தச் சின்ன வில்லையில் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. பக்கத்தில் போகிற யாருடைய ஐபோனாவது அதைக் கேட்டுச் சொன்னால்தான் உங்களுக்கு இடம் தெரியும். ஒருவருக்குத் தெரியாமல் அவரைப் பின்தொடர்வதைத் தடுக்க, அறிமுகமில்லாத ஏர்டேக் கூடவே வருகிறது என்று திருடனின் போனே அவனுக்குச் சொல்லிவிடும். 2024 மே மாதத்திலிருந்து ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து இதை ஐபோன், ஆண்ட்ராய்டு என்ற இரண்டு வகைப் போன்களுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டாவது காவலாக ஒன்றைப் போட்டுவையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

மலிவாகக் கிடைக்கிறது என்று 2ஜி கருவி வாங்குவது

நெட்வொர்க் மூடப்பட்டால் கருவி வெறும் டப்பா. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற மொபைல் நிறுவனம் 2016 கடைசியோடு 2ஜியை நிறுத்தியது, 2022 பிப்ரவரியில் 3ஜியையும் நிறுத்தியது. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போகின்றன. 4ஜி கருவியாக வாங்குங்கள்.

தனியாகத் தேடிப் போவது

போகாதீர்கள்.

கிடைத்த கையோடு ஓட்டிக்கொண்டு வருவது

என் கார் பெரிய ஒளிவிடம் எதிலும் இல்லை. ஒரு சாதாரணத் தெருவில், மற்ற வண்டிகளோடு வரிசையில் நின்றது. திருடியவர்கள் பலரும் இப்படித்தான் ஓரிரு நாள் எங்காவது நிறுத்திவிட்டு, யாராவது தேடி வருகிறார்களா என்று பார்ப்பார்கள். நான் செயலியின் நேரடி இணைப்பைக் காவல் நிலையத்துக்குப் பகிர்ந்துவிட்டு இரண்டு தெரு தள்ளி நின்றேன். நம்பர் பிளேட்டை மாற்றியிருந்தார்கள். ஆசையில் ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கைரேகை எடுக்க வந்தவர் கத்தினார்.

அப்புறம், பயணப் பதிவை அன்றே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல செயலிகள் சில மாதங்களில் பழைய பதிவை அழித்துவிடும். காப்பீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். சாவிகளை மறுபடி நிரல்படுத்தி, பழையவற்றை நீக்கச் சொல்லுங்கள். டிராக்கரையும் அதே இடத்தில் விடாதீர்கள்.

நானும் இடம் மாற்றுவதற்காகக் கருவியை வெளியே எடுத்தேன். அடியில் வெள்ளை டேப் ஒட்டி, சிம் எண்ணும் ஐஎம்இஐ எண்ணும் அழியாத மையில் அடித்தம் திருத்தம் இல்லாமல் எழுதியிருந்தது. என் கையெழுத்துதான்.