நீண்ட இடைவெளிக்குப் பிறகு கொழுப்பைக் குறைக்க: பழைய கணக்கை மறந்துவிட்டுத் தொடங்குங்கள்

இரண்டு ஆண்டுகள் உடற்பயிற்சியின் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்துவிட்டு, திரும்பத் தொடங்கிய முதல் நாளில் நூறு முறை உட்கார்ந்து எழுந்தேன். விடுவதற்கு முன்பு அன்றாடம் செய்த எண்ணிக்கை அது. அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் தொடை லேசாகப் பிடித்தது. அதற்கடுத்த நாள் காலையில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டைப் போலப் பக்கவாட்டில் படியிறங்கினேன். வலி போக ஒரு வாரம் ஆயிற்று. மறுபடி தொடங்க மனம் வர மூன்று மாதம்.

விட்டதைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சறுக்குகிறோம். உடம்பு மாறிவிட்டது, மனம் மட்டும் பழைய எண்ணிக்கையை வைத்துக்கொண்டிருக்கிறது. கீழே உள்ளவை இன்றைய உடம்புக்கான படிகள்.

படி 1: அளந்து எழுதுங்கள்

காலையில் கழிவறைக்குப் போய்வந்தபின், எதுவும் சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். ஒரே நாளின் எண்ணை நம்ப வேண்டாம். உப்பும் தண்ணீரும் ஒரு கிலோவைக்கூட ஏற்றி இறக்கும். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைக் குறித்துவையுங்கள்.

எடையைவிட எனக்கு இடுப்பளவின் மீதுதான் நம்பிக்கை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் அது சரிந்து தொங்குகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இயல்பாக மூச்சை விட்டு, அந்த நிலையில் அளவெடுங்கள். வயிற்றை உள்ளிழுத்து இரண்டு சென்டிமீட்டர் மிச்சம் பிடித்தால் ஏமாறப்போவது நீங்கள்தான்.

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்தால் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். அதை நீங்களாகச் செய்யக் கூடாது.

படி 2: சாப்பாடு

கொழுப்பு குறைவதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான். ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. செலவழிப்பதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் வாரத்துக்குச் சுமார் அரைக் கிலோ குறையும். மிக வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கூடுதலாகக் கரையும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். வாயில் போடுவதை எல்லாம் எழுதிக்கொண்டே வாருங்கள். எங்கே கசிகிறது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது எண்ணெய். பாட்டிலைக் கவிழ்த்துக் கண்ணளவில் ஊற்றியதை ஒருநாள் மேசைக்கரண்டியில் ஊற்றிப் பார்த்தேன். ஒரு கரண்டி என்று நினைத்தது மூன்று கரண்டியாக இருந்தது. ஒரு கரண்டிக்கு ஏறத்தாழ 120 கலோரி. எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 150 கலோரிதான். நடந்து கரைப்பதைவிட ஊற்றாமல் இருப்பது எளிது.

இரண்டாம் வாரத்திலிருந்து மாற்றுங்கள். முதலில் இனிப்புப் பானங்களை நிறுத்துங்கள். அவை வயிற்றை நிரப்புவதே இல்லை. தட்டில் பாதி காய்கறியாக இருக்கட்டும். ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் என ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் எடுத்தால் பசி அடங்கும், தசையும் தங்கும். எடை மிக அதிகமுள்ளவர்கள் அடைய விரும்பும் எடையை வைத்துக் கணக்கிடலாம். மிச்சத் தட்டில் மாவுச்சத்து வரட்டும். அதை அறவே ஒதுக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

படி 3: நடை

நாளுக்கு இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். ஒவ்வொரு வாரமும் அன்றாட நடையில் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவான வாரத்துக்கு 150 நிமிடத்தை மூன்றாவது வாரத்தில் எட்டிவிடுவீர்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

படி 4: தசைப் பயிற்சி

வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஓய்வு நாள் விட்டு. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கைவைத்துத் தண்டால், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், கனமான பையைக் குனிந்து இடுப்புவரை இழுத்தல். இந்த நான்கும் போதும்.

உட்கார்ந்து எழுவதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நாற்காலிக்கு முன் தோள் அகலத்துக்குக் கால்களை வையுங்கள். முழங்காலை மடக்குவதற்கு முன் பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணியபடி இறங்கி, இருக்கையைத் தொட்டதும் எழுங்கள். தொப்பென்று விழுந்தால் அந்த முறையை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். குதிகால் தரையைவிட்டு எழும்பினால் இன்னும் பின்னால் போக வேண்டும்.

உங்களால் முடியும் என்று தோன்றுவதில் பாதியைச் செய்யுங்கள். இன்னும் நாலைந்து முறை செய்யலாம் என்று இருக்கும்போதே நிறுத்துங்கள். ஒருமுறை வளர்ந்த தசை புதிதாக வளர்வதைவிட விரைவாகத் திரும்பிவரும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் தேறுவதற்குத்தான் நாள் பிடிக்கும். தசை தயாரானதும் நாம் அவசரப்படுவதால் முழங்காலும் தோளும் அடிவாங்குகின்றன. பயிற்சிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் கழித்து வலி கூடுவது இயல்பு. கடும் வலியோடு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

படி 5: எண்களைப் படிப்பது

சாப்பாட்டை மாற்றிய முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கும். மகிழ வேண்டாம். உடம்பில் சேமித்த மாவுச்சத்தோடு சேர்ந்திருந்த தண்ணீர் அது. பிறகு திடீரென்று நின்றுபோகும். பயப்படவும் வேண்டாம்; புதிதாகப் பயிற்சி பெறும் தசை தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. மூன்று வாரம் எடைச் சராசரியும் இடுப்பளவும் அசையாமல் இருந்தால் மட்டும் நாளுக்கு 100 முதல் 200 கலோரி குறைத்துப் பாருங்கள். அதற்கு முன் தூக்கத்தைக் கவனியுங்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் பசியை அடக்குவது கடினம்.

காய்ச்சலோ பயணமோ வந்து ஒரு வாரம் விட்டுப்போனால், அதற்கு முந்தைய வாரத்தின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். அந்த நூறுக்கு நான் திரும்பவே இல்லை. இப்போது முப்பது, நெஞ்சோடு அணைத்த ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனுடன்.