சித்திரைக்கு நேர் கீழே: ஓமேகா சென்டாரியைக் கண்டுபிடிக்கும் வழி

வான்நோக்கலைத் தொடங்குபவர்களுக்குச் சந்திரனையும் சனிக் கோளையும் காட்டுவதே வழக்கம். கையில் ஒரு பைனாகுலர் மட்டும் இருந்தால் ஓமேகா சென்டாரியையே நான் பரிந்துரைப்பேன். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு கோடி அளவிலான விண்மீன்கள் கோளவடிவில் திரண்டிருக்கும் கொத்து அது. வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒற்றைப் புள்ளியாகத் தெரிவதால் பழங்கால வானியலாளர் தாலமி அதை விண்மீன்களோடு சேர்த்துப் பட்டியலிட்டார்; 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலிதான் அது தனி விண்மீன் அன்று என்று குறித்தார்.

காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். இக்கொத்து தெற்கில் உச்சத்தை எட்டும் நேரம் ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டியும், மே நடுவில் இரவு 10 மணியளவிலும், ஜூன் நடுவில் 8 மணியளவிலும் அமைகிறது. அமாவாசையை ஒட்டிய வாரம் சிறந்தது.

அடுத்தது இடம். பலருடைய முயற்சி தோற்பது இங்கேதான். நகரை விட்டு எத்திசையில் விலகினாலும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். கோயம்புத்தூரிலிருந்து பார்த்தால், உச்சத்தில்கூட இக்கொத்து அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 31 பாகை உயரத்திலேயே நிற்கும். ஆகவே நகருக்கு வடக்கே சென்றால், நீங்கள் பார்க்க வேண்டிய தென்வானத்தின் அடிப்பகுதியில் அந்த நகரின் வெளிச்சமே பரவியிருக்கும். நகருக்குத் தெற்கே சென்று, அதன் வெளிச்சம் முதுகுப்புறம் இருக்கும்படி நில்லுங்கள். தென்திசையில் மலையோ தோப்போ மறைக்காத ஏரிக்கரை, வயல்வெளி, கடற்கரை ஆகியவை பொருத்தமானவை.

கண்கள் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமேனும் ஆகும். இடையில் ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தாலும் மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க நேரும். வான்வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியைப் பயன்படுத்துவோர் அதன் சிவப்பு நிற இரவுத் திரைக்கு மாற்றி, வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தேடலாம். வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைந்து செல்லும் போக்கிலேயே பார்வையை நீட்டினால், தலைக்கு மேல் செம்மஞ்சளாக ஒளிரும் சுவாதியும், அதே வளைவில் தெற்கே வெண்ணீலச் சித்திரையும் கிடைக்கும். சித்திரையும் ஓமேகா சென்டாரியும் வானில் கிட்டத்தட்ட ஒரே வடக்குத் தெற்குக் கோட்டில் இருப்பதால், சித்திரை தெற்கில் உச்சமடையும் வேளையில் அதிலிருந்து நேராகக் கீழே 36 பாகை இறங்கினால் போதும். கையை முழுவதுமாக நீட்டி மடக்கிய முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். மூன்றரை முட்டிகள் இறங்குங்கள்.

சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. தென்சிலுவைக்குக் கிழக்கே உள்ள இரு பிரகாசமான விண்மீன்களில் சிலுவைக்கு அருகில் இருப்பது பீட்டா சென்டாரி. அதிலிருந்து அதே மண்டலத்தின் இன்னொரு விண்மீனான எப்சிலான் சென்டாரி வழியாக ஒரு கோடு இழுத்து, ஏறக்குறைய அதே தொலைவுக்கு மேலே நீட்டினால் கொத்தின் அருகில் வந்துவிடுவீர்கள்.

கருவியைப் பொறுத்தவரை 10×50 அல்லது 7×50 பைனாகுலர் வாங்குங்கள் (முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில்); உருப்பெருக்கத்தை மாற்றும் ஜூம் வகை வேண்டாம், அதில் பார்வைப்புலம் குறுகித் தேடுவதே கடினமாகிவிடும். குவியத்தைச் சித்திரை விண்மீனிலேயே சரிசெய்யுங்கள். முதலில் வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணில் விண்மீனைக் கூர்மையான புள்ளியாக்க வேண்டும். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். இந்த இரண்டாம் பகுதியை விட்டுவிட்டால் எல்லா விண்மீன்களுமே பஞ்சாகத் தெரியும். கொத்தை அவற்றிலிருந்து பிரித்தறிய இயலாது. முழங்கைகளைக் கைப்பிடிச்சுவரில் ஊன்றிக்கொண்டு, மங்கலான வெள்ளை உருண்டை கிடைத்ததும் அதன் சற்று ஓரமாகப் பாருங்கள். மங்கிய ஒளியை விழித்திரையின் ஓரப்பகுதியே நன்கு உணர்வதால், உருண்டை அப்போது பெரிதாக விரியும்.

பின்சேர்க்கை: டொராண்டோவிலும் இலண்டனிலும் இருப்பவர்களுக்கு இக்கொத்து அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. அவர்கள் கோடையில் ஹெர்குலிஸ் மண்டலத்திலுள்ள எம்13 கொத்தைத் தேடலாம். அது இதைவிட மங்கலானது, எனினும் அங்கே தலைக்கு மேல் உயரமாக வரும். யாழ்ப்பாணத்தவர்களுக்கும் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கும் ஓமேகா சென்டாரி கோயம்புத்தூரில் தெரிவதைவிட உயரத்தில் நிற்பதால், மேலே சொன்ன முறையே பொருந்தும்.