முன்முற்றத்துக் குட்டை ஸ்ப்ரூஸ்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள புதுக் குடியிருப்புகளில் நடந்து பாருங்கள். வாசற்படியின் இரண்டு பக்கமும் கூம்பு வடிவில் ஒவ்வொரு குட்டை மரம் நிற்கும். டுவார்ஃப் அல்பேர்ட்டா ஸ்ப்ரூஸ் என்று கேட்டால் எந்த நாற்றுக்கடையிலும் எடுத்துத் தருவார்கள். 1904இல் அல்பேர்ட்டாவில், இன்றைய லேக் லூயிஸ் பக்கம், அமெரிக்காவின் ஆர்னல்ட் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரேடரும் ஜோன் ஜாக்கும் கண்டெடுத்த மரம் இது. காட்டில் நெடுநெடுவென்று வளரும் வெள்ளை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் இயற்கையான குட்டை வடிவம். அந்தக் கூம்பு தானாகவே வரும், கத்தரி தேவையில்லை. அதைக் கெடுப்பது பெரும்பாலும் நாங்கள் அக்கறையோடு செய்கிற வேலைகள்தான்.

முதல் பிழை கடையிலேயே நடந்துவிடுகிறது. குட்டை மரம் மெதுவாக வளரும், ஆனால் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். கன்றில் தொங்கும் அட்டையில் இருக்கும் உயரம் பெரும்பாலும் 10 வயதில் வரக்கூடியது; அதுதான் முடிவான உயரம் என்று நினைத்து யன்னலுக்குக் கீழே நட்டுவிடுகிறோம். அல்பேர்ட்டா ஸ்ப்ரூஸ் ஆண்டுக்கு 2 முதல் 4 அங்குலம் உயரும். இருபத்தைந்து, முப்பது ஆண்டில் 10 அடியைக்கூடத் தொட்டுவிடலாம், அகலமும் கூடவே வரும். சுவரிலிருந்து 4 அடியாவது தள்ளி நடுங்கள். புதர் போல வளரும் மூகோ பைன் இன்னும் ஏமாற்றும். விதையிலிருந்து வளர்த்த கன்றை ‘குட்டை மூகோ’ என்று விற்பார்கள், காலப்போக்கில் அது ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். ‘மொப்ஸ்’ போலப் பெயர் குறித்து ஒட்டுக்கட்டிய வகையை வாங்கினால் அளவு ஓரளவு சொன்னபடி இருக்கும்.

அப்புறம் கத்தரி. பெரிய சேதம் இங்கேதான். ஊரில் செவ்வரத்தையையும் பூவரசையும் தறித்துப் பழகிய கைக்கு, எதை வெட்டினாலும் தளிர்க்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஊசியிலை மரங்கள் அப்படியல்ல. ஸ்ப்ரூஸ், பைன், ஜூனிப்பர் எதிலும் வெளிப்புறம்தான் பச்சை; உள்ளே ஊசி உதிர்ந்த வெறும் கொப்புகள். அந்த வெறும் கொப்புவரை வெட்டிவிட்டால் அங்கே மறுபடி துளிர் வராது, ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். யூ என்ற ஊசியிலை மரம் மட்டும் இதற்கு விலக்கு, பழைய கட்டையிலிருந்தும் தளிர்க்கும். மற்றவற்றில் ஊசி இருக்கும் பகுதிக்குள்ளேயே கத்தரியை நிறுத்துங்கள். பத்து வருடம் விட்டுவிட்டு ஒரே நாளில் பாதியாகக் குறைக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

மூகோ பைனை அடக்கமாக வைக்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது. மே முடிவிலிருந்து ஜூன் வரை நுனிகளில் மெழுகுதிரி போல இளந்தளிர் எழும்பும். ஊசிகள் விரிவதற்கு முன் அதில் பாதியைக் கையால் கிள்ளிவிடுங்கள், புது மொட்டுகள் அந்த இடத்திலேயே உருவாகும். ஆகஸ்டில் முற்றிய கொப்பை வெட்டினால் மொட்டில்லாத மொட்டைக் குச்சிதான் மிஞ்சும்.

வெட்டியே ஆக வேண்டிய ஒன்றும் உண்டு, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அல்பேர்ட்டா ஸ்ப்ரூஸில் சில சமயம் ஒரு கொப்பு மட்டும் நீண்ட ஊசிகளோடு, ஒரே பருவத்தில் கூம்பைத் தாண்டி எகிறும். அது தன் மூலமான வெள்ளை ஸ்ப்ரூஸாகவே திரும்பிவிட்ட கொப்பு. நன்றாக வளர்கிறதே என்று சந்தோஷப்பட்டு விட்டுவைத்தால் கொஞ்ச வருடத்தில் குட்டை மரத்தை அமுக்கிவிடும். நுனியை வெட்டுவதால் பயனில்லை. அது புறப்படும் அடியிலேயே நறுக்கிவிட வேண்டும்.

மார்ச், ஏப்ரலில் மரத்தின் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகிறதா? நோய் என்று பயப்படாதீர்கள். வெயில் படும் தெற்கு, தென்மேற்குப் பக்கமோ காற்று அடிக்கும் பக்கமோதான் பெரும்பாலும் காயும். வெயிலிலும் காற்றிலும் ஊசிகள் ஈரத்தை இழக்கின்றன. நிலம் உறைந்திருப்பதால் வேரால் அதை ஈடுகட்ட முடிவதில்லை. மருந்து அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் இருக்கிறது: நிலம் உறையும்வரை, முக்கியமாக நட்டு ஓரிரு வருடமே ஆன மரத்துக்கு, ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். காற்றுப் பக்கத்தில் நான்கு கம்பு ஊன்றிச் சாக்குத்துணி மறைப்புக் கட்டலாம். பிளாஸ்ரிக் தாளால் சுற்றுவது கூடாது, உள்ளே வெயில் சூடு தங்கிவிடும். பழுப்பைக் கண்டவுடன் கத்தரியைத் தூக்கவும் வேண்டாம். ஊசி செத்தாலும் மொட்டு உயிரோடிருக்கலாம். ஜூன்வரை பொறுத்து, தளிர் வராத குச்சியை மட்டும் எடுங்கள். வீதியோரம் நிற்கும் மரமென்றால் உப்புத் தெறிப்பும் இதே வேலையைச் செய்யும்.

கோடையில் மரம் மங்கி, ஊசிகள் வெண்கல நிறமாகி உதிர்ந்தால் அது வேறு கதை: ஸ்ப்ரூஸ் சிலந்திப் பேன். இது குளிர்ந்த பருவத்துப் பூச்சி. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் சாறு உறிஞ்சிவிட்டு, கடும் வெயிலில் பெரும்பாலும் முட்டையாகக் கிடக்கும். சேதம் கண்ணில் படும் யூலையில் பூச்சி அங்கே அதிகம் இராது. நாங்களோ அப்போதுதான் மருந்து தேடி ஓடுகிறோம். மே மாதத்திலேயே ஒரு வெள்ளைத் தாளைக் கொப்பின் கீழ் பிடித்துத் தட்டிப் பாருங்கள். மிளகுத்தூள் அளவுப் புள்ளிகள் ஊர்ந்தால் பேன் இருக்கிறது. ஹோஸ் பைப்பில் வேகமாகத் தண்ணீர் அடித்து, உள்பக்கமும் படும்படி, சில நாளுக்கு ஒருமுறை கழுவினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். கடும் பூச்சிமருந்து பேனைத் தின்னும் நல்ல பூச்சிகளையும் கொன்று நிலைமையை மோசமாக்கும். ஒன்ராறியோவில் 2009இலிருந்து வீட்டுத் தோட்டத்துக்கு அவற்றில் பலவற்றுக்குத் தடையும் இருக்கிறது. பேனைக் கொல்லத் தோட்ட எண்ணெய் அடிப்பதாக இருந்தால் நீல ஸ்ப்ரூஸில் வேண்டாம், ஊசியின் நீல மெழுகு கரைந்து வெறும் பச்சையாகிவிடும்.

மரத்தின் உள்பக்கத்தில் மட்டும் பழைய ஊசிகள் உதிர்வது இயல்பு. அந்தச் சருகு அடர்ந்த கொப்புகளுக்குள் சிக்கியிருந்தால் கையால் உலுப்பி எடுத்துவிடுங்கள், காற்று உள்ளே போகட்டும். பசளை அநேகமாகத் தேவையே இல்லை. மண்ணை மூட மரச்சில்லு மல்ச் போடுங்கள், ஆனால் அடிமரத்தில் முட்டும்படி குவிக்காதீர்கள்.

கடைசியாக, டிசம்பரில் கடைகளில் சிவப்பு ரிபன் கட்டிப் பூச்சாடியில் விற்கும் கன்று. அதுவும் பெரும்பாலும் இதே அல்பேர்ட்டா ஸ்ப்ரூஸ்தான். ஹீற்றர் ஓடும் வீட்டுக்குள் மாதக்கணக்கில் வைத்தால் காய்ந்துவிடும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் உள்ளே வையுங்கள். பிறகு ஹீற்றர் இல்லாத கராஜில் விட்டு, மண் காயும்போது மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வசந்தத்தில் நிலம் இளகியதும் நடுங்கள். நடும்போது சாடிக்குள் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களைப் பிரித்துவிட மறக்க வேண்டாம்.