சீசன் டிக்கெட்டைப் பங்கு போட்ட நண்பர்கள் பிரிந்தால் யாருக்கு என்ன உரிமை?

ஓர் அணியின் ஆட்டங்களை சீசன் முழுக்க மைதானத்தில் பார்ப்பதற்கான சீசன் டிக்கெட் ஒருவர் பெயரில், பணம் இரண்டு பேருடையது. பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே அணிக்காகத் தொண்டை வற்றக் கத்தியவர்கள், இன்று ஒருவர் போனை மற்றவர் எடுப்பதில்லை. நீங்கள் அந்த இடத்தில் இருந்தால், கோபத்தில் எதையும் செய்வதற்கு முன்னால் கீழே உள்ள வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: கணக்கு யார் பெயரில்?

டிக்கெட் விற்ற கிளப்புக்கு, அதாவது அணி நிர்வாகத்துக்கு, தெரிந்தது கணக்கில் உள்ள பெயர் மட்டும்தான். பாதிப் பணம் நீங்கள் கொடுத்திருந்தாலும் கிளப்பிடம் போய் உரிமை கேட்க முடியாது. டிக்கெட் என்பதே சொத்து அல்ல, உள்ளே வருவதற்கான அனுமதிதான் என்று நீதிமன்றங்கள் வெகு காலமாகச் சொல்லி வருகின்றன. 1845இல் இங்கிலாந்தில் டான்காஸ்டர் குதிரைப் பந்தயத் திடல் வழக்கிலும், 1913இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வந்த இன்னொரு குதிரைப் பந்தய டிக்கெட் வழக்கிலும் தீர்ப்பு இந்தத் திசையில்தான் போனது. அதனால் டிக்கெட்டின் விதிமுறைகளை எடுத்து, பெயர் மாற்றலாமா, மறுவிற்பனை செய்யலாமா என்று பாருங்கள். சில அமெரிக்க மைதானங்களில் இருக்கைக்கான உரிமத்தைத் தனி விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். அதை விற்கவும் முடியும் என்பதால் அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் தனியாகப் பாருங்கள்.

படி 2: உங்கள் இருவருக்குள் என்ன பேச்சு?

பலரும் குழம்புவது இங்கேதான். கிளப்பிடம் உரிமை இல்லை என்பதால் நண்பரிடமும் இல்லை என்று ஆகிவிடாது. 1955இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு பாட்டி, அவருடைய பேத்தி, அந்த வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு பெண் மூவரும் சேர்ந்து ஒரு செய்தித்தாள் போட்டிக்கு வாரா வாரம் விடை அனுப்பி வந்தார்கள். படிவத்தில் பாட்டி பெயர் மட்டும். 750 பவுண்டு பரிசு விழுந்ததும் பாட்டி பங்கு தர மறுத்தார். மூவரும் பகிர்ந்துகொள்வது என்பதுதான் ஏற்பாடு என்று பார்த்த நீதிமன்றம், வாடகைக்கு இருந்தவருக்கு 250 பவுண்டு கொடுக்கச் சொன்னது. உங்கள் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரியவில்லை.

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் பெரும்பாலும் செல்லும். ஆனால் அமெரிக்க மாநிலங்களில், ஓராண்டுக்குள் நிறைவேற்றவே முடியாத ஒப்பந்தம் என்றால் பொதுவாக அது எழுத்தில் இருக்க வேண்டும். எனவே “பத்து வருஷத்துக்கு ஆளுக்குப் பாதி” என்ற பேச்சைவிட, பணம் கட்டிய இந்த சீசனின் பங்கை நிலைநாட்டுவது எளிது.

படி 3: ஆதாரத்தைச் சேருங்கள்

“பிளேஆஃப் வந்தா மாறி மாறிப் போகலாம், சரியா?” “சரி.” இந்த இரண்டு வரி வாட்ஸ்அப் செய்தி, நீங்கள் எழுதப்போகும் இரண்டு பக்கக் குமுறலைவிட வலுவானது. தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முழு உரையாடலையும் வேறோர் இடத்தில் சேமியுங்கள். பணம் அனுப்பிய வங்கி விவரமும் வேண்டும். “சீசன் டிக்கெட், என் பாதி” என்று அதில் குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. நண்பரின் பழைய பாஸ்வேர்டு தெரியும் என்பதற்காக அவருடைய கணக்குக்குள் மட்டும் நுழையாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் குற்றம் உங்கள் மேல் வந்துவிடும்.

படி 4: கேட்பதைப் பிரித்துக் கேளுங்கள்

மீதி ஆட்டங்கள், நீங்கள் பணம் கொடுத்த டிக்கெட்டை அவர் விற்று வாங்கிய தொகை, பிளேஆஃப், அடுத்த வருஷப் புதுப்பிப்பு என்று நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். முதல் இரண்டில் உங்கள் கை ஓங்கியிருக்கும். புதுப்பிப்புதான், அதாவது டிக்கெட்டை அடுத்த சீசனுக்கும் வாங்கும் வாய்ப்புதான், கஷ்டம். அது சொத்தா இல்லையா என்பதில் அமெரிக்க நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. திவால் வழக்குகளில், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் டிக்கெட் பற்றி 1992இல் ஒரு நீதிமன்றம் சொத்து என்றது. ஃபீனிக்ஸ் சன்ஸ் என்ற கூடைப்பந்து அணியின் டிக்கெட் பற்றி 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது.

படி 5: கடிதம், அப்புறம்தான் வழக்கு

திட்டாமல் எழுதுங்கள்: “இந்த சீசனுக்கு நான் இவ்வளவு கட்டினேன். மீதி ஆட்டங்களில் பாதியை 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்றுங்கள், அல்லது அதற்கான பணத்தைத் திருப்புங்கள்.” கூடவே ஒரு வழியும் சொல்லுங்கள். ஒருவர் முதலில் ஓர் ஆட்டத்தை எடுக்கட்டும், மற்றவர் அடுத்த இரண்டை, பிறகு ஒன்று ஒன்றாக மாறி மாறி. பெரிய ஆட்டங்கள் ஒரே பக்கம் போகாது.

பதில் வரவில்லை என்றால் சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம் பல நாடுகளில் உண்டு. அங்கே வக்கீல் இல்லாமலே போகலாம். காலவரம்பைத் தவறவிடாதீர்கள். ஒப்பந்த மீறலுக்குப் பொதுவாக இங்கிலாந்தில் 6 ஆண்டு, இந்தியாவில் 3 ஆண்டு. நீதிமன்றம் பெரும்பாலும் தருவது பணம்தான், இருக்கை அல்ல. அந்த இருக்கைதான் வேண்டும் என்றால் சமரசமே நல்ல வழி. அப்படிச் சமரசம் ஆனால், டிக்கெட் உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே “பாக்கி எதுவும் இல்லை” என்று கையெழுத்துப் போடுங்கள்.