மேஜர், அலைடு, சான்றிதழ்: டிகிரியில் சேரும் முன் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான்: எந்தக் காலேஜில் சீட்டு கிடைத்தது? அந்த டிகிரிக்குள் என்னென்ன பாடம் இருக்கிறது, மூன்று வருடம் கழித்து அதை வைத்து எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று கேட்கிற ஆள் குறைவு. வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல யாரும் இருப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது என்று பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, அரூர், பென்னாகரம், பர்கூர், ஓசூர் அரசு கலைக் கல்லூரிகள் எல்லாமே சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 1997-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டங்களும் அதன் எல்லை. ஒவ்வொரு பட்டத்தின் பாடத்திட்டமும் அதன் இணையதளத்தில் பி.டி.எஃப்.-ஆக இருக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தைக் கல்லூரியே வகுத்துக்கொள்ளும், அப்போது கல்லூரியின் தளத்தில் தேடுங்கள். கோப்பு நூறு பக்கம் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம், ஆரம்பத்தில் செமஸ்டர் வாரியாக ஒரு அட்டவணை வரும், அது மட்டும் போதும்.

அந்த அட்டவணையில் ஐந்து பகுதிகள் இருக்கும். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3-தான் டிகிரியின் உயிர், மேஜரும் (முதன்மைப் பாடம்) அலைடும் (துணைப்பாடம்) அதில்தான் வரும். பகுதி 4-ல் திறன் மேம்பாட்டுப் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி மாதிரியானவை. பகுதி 5 என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) போன்ற விரிவாக்கப் பணி. தமிழ்நாடு உயர்கல்வி மன்றம் 2023-ல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில் மொத்தம் 140 கிரெடிட், அதாவது பாடத்தின் எடையைக் காட்டும் புள்ளி. எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்று பார்த்தாலே எதற்கு எவ்வளவு எடை என்பது தெரிந்துவிடும்.

மேஜர் எது என்று எல்லோருக்கும் தெரியும். அலைடை யாரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு ஆதங்கமே அதில்தான். வெளியூர்ப் பல்கலைக்கழகங்களில் மைனர் என்று சொல்வதற்கு நம் பக்கம் கிட்டத்தட்ட இணையானது இந்த அலைடுதான், புதிய பாடத்திட்டங்களில் எலெக்டிவ் என்ற பெயரிலும் வரும். பி.எஸ்சி. வேதியியல் என்றால் இயற்பியல், கணிதம், விலங்கியல், தாவரவியல் இவற்றில் ஏதாவது அலைடாக இருக்கும், ஆனால் பாடத்திட்டத்தில் நான்கு இருந்தாலும் உங்கள் கல்லூரியில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்த இரண்டைத்தான் நடத்துவார்கள். அதனால் பி.டி.எஃப். பார்த்ததோடு நிற்காமல் துறையில் போய், "இந்த வருஷம் என்ன அலைடு சார் நடத்துறீங்க?" என்று நேரில் கேட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மேற்படிப்புத் தகுதி பல இடங்களில் அலைடைத் தொட்டுத்தான் நிற்கிறது. எம்.சி.ஏ. (கணினிப் பயன்பாட்டு முதுகலை) சேர்க்கையில் பன்னிரண்டாம் வகுப்பிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். கணிதம் இல்லாத குரூப்பில் படித்த பிள்ளை, டிகிரியில் கணிதத்தை அலைடாக எடுத்தால் அந்தக் கதவு எளிதாகத் திறக்கும், வேறொன்றை எடுத்தால் சிக்கல் வரலாம். எம்.எஸ்சி. சேர்க்கையிலும் இன்ன துணைப்பாடம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிற பல்கலைக்கழகங்கள் உண்டு. பி.எட். சேர்க்கைக்கும் மேஜர், அலைடு, செய்முறை சேர்ந்த பகுதி 3 மதிப்பெண்தான் கணக்கு. அலைடுதானே என்று அரியர் வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள்.

அடுத்தது பட்டத்தின் பெயர். ஆசிரியர் ஆக நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வழக்கமான பெயரோடு இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டங்கள், புதுப்புதுப் பெயரில் வரும் பட்டங்கள் எல்லாம் பாடத்தில் நன்றாகவே இருக்கலாம், ஆனால் ஆசிரியர் தேர்வு வாரியம் கேட்கிற பாடத்துக்கு அது இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வில் மதிப்பெண் வாங்கியும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோகும். சேரும் முன்பே கல்லூரியில் இணைத்தன்மை அரசாணை எண்ணைக் கேளுங்கள். அரசு வேலைதான் குறி என்றால் பயிற்று மொழியையும் பாருங்கள்: பள்ளியிலிருந்து தமிழ் வழியில் வந்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, டிகிரியை ஆங்கில வழியில் எடுத்தால் டிகிரி கேட்கும் பணிகளில் அது போய்விடும்.

பொறியியலில் மைனர் என்ற பெயரிலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் வேறொரு துறையில் மைனர் வாங்கலாம். ஐந்தாம் செமஸ்டரிலிருந்து பதிவு செய்யலாம், அதற்கு மூன்றாம் செமஸ்டர் வரை சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரிப் புள்ளி) 7.5 வேண்டும், ஆகவே முதல் மூன்று செமஸ்டரை விளையாட்டாக விட்டுவிடக் கூடாது. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி மாதிரித் தன்னாட்சிக் கல்லூரிகளில் அவர்கள் விதிமுறையைத் தனியாகப் பாருங்கள்.

ஓசூர்ப் பிள்ளைகள் பெங்களூரு போவார்கள், சிலர் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு நுழைவுத்தேர்வு எழுதுவார்கள். தேசியக் கல்விக் கொள்கையின்படி நடக்கிற நான்காண்டுப் படிப்பில் ஒரு வருடத்தோடு வெளியேறினால் சான்றிதழ், இரண்டு வருடத்துக்கு டிப்ளமோ, மூன்றுக்கு டிகிரி, நான்குக்கு ஹானர்ஸ். வருடத்துக்குக் குறைந்தது 40 கிரெடிட். மூன்று வருடத்தில் மேஜருக்கு 60, மைனருக்கு 24. கர்நாடகம் 2021-ல் இதைக் கொண்டுவந்து 2024-ல் மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டது, அதனால் அண்ணனோ அக்காவோ படித்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வருடத்தில் சான்றிதழ் கிடைக்கிறதே என்று இறங்குவதும் வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு டிகிரி வேண்டும், அந்தச் சான்றிதழ் அங்கே செல்லாது.

சான்றிதழ் படிப்பு டிகிரிக்குத் துணை, அவ்வளவுதான். தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வனின் பாடங்கள் கல்லூரியிலேயே நடக்கின்றன, ஒழுங்காக முடியுங்கள். ஐ.ஐ.டி.க்கள் ஆன்லைனில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பொதுவாக 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், ஆனால் அதை டிகிரிக் கணக்கில் ஏற்றுவார்களா என்று பதிவு செய்யும் முன்பே துறைத் தலைவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பல ஆயிரம் வாங்கிக்கொண்டு மூன்று மாதச் சான்றிதழ் தருகிற இடத்துக்குப் போகும் முன், இதே பாடம் இலவசமாக இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம்தான், கலந்தாய்வு மட்டும் கல்லூரியில் நேரில் நடக்கும். அன்றைக்கு உங்கள் ரேங்க் வரும்போது கேட்ட மேஜர் தீர்ந்துபோயிருக்கலாம், அடுத்து என்ன எடுப்பது என்று யோசிக்க அங்கே நேரம் தர மாட்டார்கள். ஆகவே அட்டவணையைப் பார்த்து மூன்று மேஜரை வரிசையாக, பக்கத்தில் அதனதன் அலைடோடு, ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள்.