துக்க வீட்டில் "அழாதீங்க" என்று சொல்வதற்கு முன்னால்

"வந்து என்ன பேசுறதுன்னே தெரியலடா, அதனாலதான் வரல." அப்பா இறந்து மூன்று மாதம் கழித்துப் பெரம்பூர் ஸ்டேஷனில் பார்த்தபோது ஒரு பழைய நண்பன் இப்படித்தான் சொன்னான். சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் வந்து எதை எதையோ பேசினார்களே, அவர்களில் சிலர் வராமல் இருந்து பேசத் தெரியாத இவன் வந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. அவனைப் போலத் தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் சென்னையில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தால் எப்படிப் போவது, என்ன சொல்வது, எதைச் சொல்லக்கூடாது, எல்லாரும் கலைந்துபோன பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

முதலில், போங்கள். வாட்ஸ்அப்பில் கை கூப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சாந்தோம் என்ற பெயரிலும் பரங்கிமலையிலும் நாம் தினமும் நினைத்துக்கொள்கிற தோமாவைச் சந்தேகப்பட்டவர் என்றே எல்லாருக்கும் தெரியும். ஆனால் இயேசுவின் நண்பர் லாசரு இறந்த ஊருக்கு இயேசு கிளம்பியபோது, அந்தப் பக்கம் போனால் கல்லெறிந்து கொன்றுவிடுவார்கள் என்று மற்ற சீஷர்கள் பயந்தபோது, "நாமும் போவோம் வாருங்கள்" என்று சொன்னவர் அதே தோமாதான் (யோவான் 11:16). அவருக்கும் அங்கே போய் என்ன பேசுவது என்று தெரிந்திருக்காது. போனார், அவ்வளவுதான்.

போய் என்ன செய்வது? உட்காருங்கள். யோபு பிள்ளைகளையும் சொத்தையும் உடம்பின் சுகத்தையும் இழந்து கிடந்தபோது மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் ராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் என்பது என் அபிப்பிராயம். அப்புறம் வாயைத் திறந்து, உனக்கு ஏன் இப்படி நடந்தது தெரியுமா என்று அதிகாரம் அதிகாரமாக விளக்கம் கொடுத்தார்கள், கடைசியில் கடவுளின் கோபத்துக்கே ஆளானார்கள். நம் துக்க வீடுகளில் இன்றைக்கும் இதேதான் நடக்கிறது, என்ன, ஏழு நாள் பொறுக்காமல் ஏழாவது நிமிடத்திலேயே பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

இனி அந்த "அழாதீங்க". இயேசுவே சொன்னார்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், நாயீன் ஊரில், ஒரே மகனைப் பறிகொடுத்த விதவைத் தாயைப் பார்த்து "அவள்மேல் மனதுருகி, அழாதே" என்றார் என்று லூக்கா 7 சொல்கிறது. அடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள். பாடையைத் தொட்டு, மகனை எழுப்பி, அவள் கையில் கொடுத்தார். அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க முடிகிறவர் சொன்ன வார்த்தை அது. நம்மால் அது முடியாது, ஆகவே அந்த வார்த்தையும் நமக்கு இல்லை. நமக்கென்று சொல்லப்பட்டது ரோமர் 12:15தான்: "அழுகிறவர்களுடனே அழுங்கள்." அந்த "மனதுருகி" என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு வேர் குடல் என்ற சொல். தமிழில் பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்கிறோமே, கிட்டத்தட்ட அது. மேலோட்டமாகப் பரிதாபப்படுவதை அந்தச் சொல் குறிப்பதில்லை.

விசுவாசிகள் அழக்கூடாது, உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களுக்கு எதற்குக் கண்ணீர் என்று கேட்கிற பக்தியான ஆட்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யோவான் 11ஐத்தான் காட்ட வேண்டும். லாசருவை எழுப்பப் போவது இயேசுவுக்குத் தெரியும், அதற்காகத்தான் வந்திருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பியும் விடுவார். அப்படியிருந்தும் லாசருவின் சகோதரி மரியாள் அழுததையும் கூட வந்தவர்கள் அழுததையும் பார்த்துக் கலங்கி, "இயேசு கண்ணீர் விட்டார்". உயிர்த்தெழுதலைக் கையில் வைத்திருந்தவரே அழுதிருக்கிறார். பவுலும் தெசலோனிக்கேயருக்குத் துக்கப்படாதீர்கள் என்று எழுதவில்லை, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் எழுதினார். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேருடைய கண்ணீரை உள்ளேயே அடைத்துவிட்டோம் என்று நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

தயவுசெய்து சொல்லாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்கிற சில வார்த்தைகள் உண்டு. "எல்லாம் கர்த்தருடைய சித்தம்." துக்கத்தில் இருப்பவர் தானாக அதைச் சொன்னால் அது விசுவாசம், நாம் சொன்னால் வாயை அடைக்கிற வேலை. "நல்லவங்களை ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்குவார்." குழந்தையை இழந்த தாயிடம் "பரலோகத்துக்கு ஒரு பூ தேவைப்பட்டது." அவளுடைய பூவைத்தான் பறிக்க வேண்டுமா? "இன்னும் கொஞ்சம் விசுவாசமா ஜெபிச்சிருந்தா பிழைச்சிருப்பார்" என்பதைப் போலக் கொடுமை வேறில்லை, என் அம்மாவிடமே ஒருவர் அதைச் சொன்னார், அம்மா ஒரு வருஷம் அந்த வார்த்தையைச் சுமந்தார்கள். அப்புறம் மூத்த பிள்ளையிடம் "நீ உடைஞ்சுட்டா அம்மாவை யார் பார்க்கிறது" என்பது. என்னிடமும் சொன்னார்கள். அதற்காகவே அன்று நான் அழவில்லை, நான்கு மாதம் கழித்து அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பீரோவில் பார்த்தபோது தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சொல்வதற்கும் ஒன்று இருக்கிறது. இறந்தவரைப் பற்றிய ஒரு ஞாபகம். அப்போஸ்தலர் 9இல் தபீத்தாள் இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த உடைகளை எடுத்துக் காட்டிக் காட்டி விதவைகள் அழுதார்கள் என்று இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் எனக்கு இன்றும் மறக்காதவர் எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணன். வாசலிலேயே நின்றுகொண்டு, தன் மகளின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை அப்பா ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. வேதவசனம் எதுவும் அவர் சொல்லவில்லை, அவர் கிறிஸ்தவரும் இல்லை. இறந்தவரை உங்களுக்குத் தெரியாவிட்டால் "என்ன சொல்றதுன்னு தெரியல, ஆனா வந்துட்டேன்" என்று சொன்னாலே போதும்.

முதல் நாள் ஜெபத்தைவிட வேலைக்கு ஆள் தேவைப்படும். வீட்டில் இறந்திருந்தால் டாக்டரிடம் இறப்புக்கான சான்று வாங்க வேண்டும், ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லி அடக்கத்துக்கு நேரம் குறிக்க வேண்டும், ஐஸ் பாக்ஸ், நாற்காலி, பந்தல், வெளியூர்க்காரர்களுக்குப் போன். சென்னையில் இன்னொரு கஷ்டம், இடம். கீழ்ப்பாக்கம் கல்லறையில் இடமே இல்லாத நிலை வந்து பல வருஷம் ஆகிறது, அதனால் பல குடும்பங்கள் ஏற்கெனவே இருக்கும் குடும்பக் கல்லறையைத் திறந்துதான் அடக்கம் செய்கின்றன. தாத்தாவின் கல்லறை எண் என்ன, பழைய ரசீது எங்கே என்று அந்த நேரத்தில் பீரோவைக் கலைத்துத் தேடுவது பெரிய வேதனை. நீங்கள் நெருங்கியவர் என்றால் அந்தத் தேடலை வாங்கிக்கொள்ளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் நீங்களே ஞாபகம் வைத்து, மாநகராட்சி அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். என் பெரியம்மா எதுவும் கேட்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், தண்ணீர் டிரம்மைப் பார்த்தார், நிரப்பினார், சர்க்கரை வியாதிக்காரரான அம்மாவை உட்கார வைத்து இரண்டு இட்லி சாப்பிட வைத்து மாத்திரை கொடுத்தார். அன்று எங்கள் வீட்டில் நடந்த மிகச் சிறந்த பிரசங்கம் அது.

வேறு மதத்து நண்பர்கள் கேட்பதற்காகச் சில விஷயங்கள். வெள்ளையோ மங்கலான நிறமோ உடுத்திக்கொண்டு போனால் சரி. மாலையோ மலர் வளையமோ கொண்டுபோகலாம். அடக்க ஆராதனைக்குக் கோயிலுக்குள் தாராளமாக வந்து உட்காரலாம், கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்க மட்டும் எழுந்து போகாதீர்கள். கல்லறையில் குழிக்குள் ஒரு கைப்பிடி மண் போடச் சொல்வார்கள், நீங்களும் போடலாம். கத்தோலிக்கர் இறந்தவரின் ஆன்மாவுக்காகச் செபிப்பார்கள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் திருப்பலி வைப்பார்கள். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே சபைகளில் பொதுவாக இறந்தவருக்காக ஜெபிப்பதில்லை, குடும்பத்தின் ஆறுதலுக்காக ஜெபிப்பார்கள். எது சரி என்ற வாக்குவாதத்தைத் துக்க வீட்டில் ஆரம்பிக்காதீர்கள். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" சொல்லாமல் வருவது கிறிஸ்தவ வீடுகளிலும் பலர் பார்க்கிற வழக்கம்தான்.

தற்கொலை நடந்த வீடு என்றால் மட்டும் இன்னும் கவனம் வேண்டும். அங்கே துக்கத்தோடு வெட்கமும் பயமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும், ஆட்களும் குறைவாகத்தான் வருவார்கள், ஆகவே நீங்கள் கட்டாயம் போங்கள். எப்படி, ஏன், கடிதம் எழுதி வைத்தாரா என்று கேட்காதீர்கள். அவர் பரலோகம் போவாரா என்று யாராவது முணுமுணுத்தால், 1983இல் வந்த கத்தோலிக்கத் திருச்சட்டத்தில் அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை செய்துகொண்டவர்கள் இல்லை என்பதையும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றே திருச்சபையின் மறைக்கல்வி சொல்கிறது என்பதையும் மெதுவாகச் சொல்லுங்கள்.

துக்கத்தில் இருக்கிற நீங்களே இதை வாசித்துக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். ஜெபம் வரவில்லை என்றால் பயப்படாதீர்கள். "நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான்" என்று மார்த்தாளும் மரியாளும் இயேசுவின் முகத்துக்கு நேரே சொன்னார்கள், அவர் கடிந்துகொள்ளவில்லை. சங்கீதம் 88ஐ எடுத்துப் பாருங்கள், கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், நானும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் அதை ஜெபத்தோடு மட்டும் நிறுத்தாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. ஒரு போன் செய்து பேசுங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது.

மோசேக்காக இஸ்ரவேலர் முப்பது நாள் துக்கம் கொண்டாடினார்கள். நம் ஊரிலும் கிட்டத்தட்ட முப்பதாம் நாளோடு ஆள் வரத்து நின்றுவிடுகிறது, உண்மையான தனிமை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. நீங்கள் போக வேண்டியது அப்போது. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் குடும்பமாகக் கிளம்பும்போது தனியாக நிற்கிற அந்த அம்மாவோடு வீடு வரைக்கும் நடங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு, கல்லறையைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவர்களோடு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போங்கள். டிசம்பரில் அந்த வீட்டில் ஸ்டார் தொங்காது, பலகாரம் சுட மாட்டார்கள். துக்க வீடு ஆயிற்றே என்று ஒதுக்காமல் உங்கள் வீட்டு அச்சுமுறுக்கில் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து வாருங்கள்.

இறந்த தேதியைப் போனில் குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் அந்தத் தேதியில் கூப்பிட்டு இறந்தவரைப் பேர் சொல்லிப் பேசுங்கள். காலையில் கல்லறைக்கோ கோயிலுக்கோ கிளம்பிக்கொண்டிருப்பார்கள், சாயங்காலமாகக் கூப்பிடுங்கள்.